நிறம் மேயப் போன உப்பளம்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உப்பு லாரிகள் எடை போட வரிசைகட்டி நிற்கும் எடைமேடைக்கு எதிரே இருந்த ஓட்டு வீட்டில், நாற்பத்தோரு வயது எமல்டா ஏழு மாதமாக ஒரு பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு எடைமேடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து லாரி நம்பரும் எடையும் எழுதி, மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஆறிய சோற்றை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, மேசைமேல் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தால், அது இரைந்து, முனகி, இழுத்து இழுத்து ஒரு தாளை வெளியே தள்ளும். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவாள், பார்ப்பாள், "சே, ரோசு" என்பாள். பிறகு அதையே உள்ளே கொண்டுவந்து டியூப் லைட்டுக்குக் கீழே பிடிப்பாள், பார்ப்பாள், "இப்பப் பச்சை" என்பாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் கறுப்பும் வெள்ளையும் நடுவில் சாம்பலும் மட்டுமே இருக்கிற ஒரு படம். ரோசு எட்டிப் பார்க்காத, பச்சை வழியாத, மஞ்சள் ஒட்டாத படம். அதைக் கேட்டவள் மாடத்தி.

மாடத்தி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த உப்பளத்தில் முப்பது வருடமாக உப்பு வாருகிறவள். இப்போது பதினாலு பெண்கள் சேர்ந்து சங்கம் வைத்து அந்த அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள், மாடத்திதான் அதற்குத் தலைவி. எடைமேடைக் குழாயில் குடிதண்ணீர் பிடிக்க வருகிற பழக்கத்தில் எமல்டாவும் அவர்களும் ஒட்டிக்கொண்டார்கள். புதன்கிழமை விடுமுறைகளில் எமல்டா தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு அளத்துக்குப் போய், பாத்தியில் நிற்பவளை, உப்பு வாரும் பலகையைத் தூக்குகிறவளை, வாரின உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் கொட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்கிறவளை எடுப்பாள், பிரிண்ட் போட்டுக் கொடுப்பாள். எல்லாரும் வாங்கிப் பார்த்துச் சிரிப்பார்கள். மாடத்தி மட்டும் படத்தைக் கிட்டே கொண்டுபோவாள், தூரப் பிடிப்பாள், சாய்ப்பாள், திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"ஏட்டி எமல்டா, நீ எடுக்க படத்துல நான் எங்கனட்டி இருக்கேன்?" என்று ஒருநாள் கேட்டாள். "செவப்பும் பச்சையும் கெடந்து நீந்துது. எம் மூஞ்சி அதுக்குள்ள முங்கிப் போகுது."

முப்பது வருடம் உப்பு வெயிலைப் பார்த்த கண். வெள்ளை உப்பில் பட்டு எகிறுகிற வெயில் கண்ணுக்குள் போய் நிறங்களைக் கலைத்துப் போட்டிருந்தது. வீட்டிலிருந்த கண்ணாடியிலும் அப்படித்தான், பொட்டு வைத்தால் பொட்டு முகமெல்லாம் பரவுகிறது என்றாள். நிறமே இல்லாத பொருள் மட்டும் அவளுக்கு அசையாமல் நின்றது: சாம்பல் பூனை, சிமெண்டுத் தூண், மழைக்கு முந்தின மேகம்.

"கறுப்பு வெள்ளையில போட்டுத் தாரேன்க்கா, ஒரு வாரம் பொறு" என்று எமல்டா சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஒரு வாரத்தில் முடிகிற காரியம் என்றுதான் அவள் நினைத்தாள். பிரிண்டருக்குள் இருந்ததோ நாலு மை: கறுப்பு, நீலம், ரோசு, மஞ்சள். சாம்பல் வேண்டும் என்றால் அந்தப் பெட்டி கறுப்பை மட்டும் தொட்டுக்கொள்வதில்லை; மற்ற மூன்றையும் கூப்பிட்டு, ஒன்றை ஒன்று சரிக்கட்டி, மூன்றும் சேர்ந்து சாம்பலைப்போல நடிக்க வைக்கும். அதில் ஒன்று அரைத் துளி அதிகமாக மூச்சுவிட்டாலும் நடிப்பு கலைந்துவிடும். கறுப்பு மையை மட்டும் வைத்துப் போடச் சொன்னால் போட்டது, ஆனால் மாடத்தியின் கன்னம் வறுத்த ரவையைக் கொட்டினதுபோல் பொரிப்பொரியாக வந்தது. அவள் தாளை மாற்றினாள், வழவழப்பான தாள், சொரசொரப்பான தாள், பருத்தித் தாள். ரோசைக் குறைத்தாள், நீலம் ஏறியது. நீலத்தைக் குறைத்தாள், மஞ்சள் பல்லிளித்தது. கறுப்பிலிருந்து வெள்ளைவரை இருபத்தொரு படிகளாகக் கட்டம் கட்டி அடித்து, கொடியில் கிளிப் மாட்டிக் காயவிட்டு, காய்ந்தபின் பார்த்து, நோட்டில் எழுதி, மறுபடி அடித்தாள். பிரிண்டர் விற்ற கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது அவர் அவளைக் கவலையாகப் பார்த்து, "கலர் பிரிண்டர் வாங்கிட்டுப் போயி கலர் வரக்கூடாதுன்னு சண்டை போடுற ஒரே ஆள் நீங்கதான் மேடம்" என்றார்.

பங்குனி மாதத்து ஒரு புதன்கிழமை, இருநூற்றுப் பன்னிரண்டாவது தாளாக, மாடத்தியின் முகம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எமல்டா அடுப்பில் மீன்குழம்பை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். தாளின் மேலே ரோசு நிறம், காய்ச்சிய பாலில் ஆடை ஒதுங்குவதுபோல, மெல்ல ஒரு ஓரமாக ஒதுங்கியது, சுருங்கியது, பிறகு எழுந்து தாளைவிட்டுக் கழன்று, ஒரு கைக்குட்டை அகலத்துக்கு அந்தரத்தில் நின்றது. எமல்டாவுக்கு முதலில் தோன்றியது ஜன்னல் வலையைச் சாத்தாமல் விட்டுவிட்டோமே என்பதுதான். அவள் எட்டிச் சாத்துவதற்குள் அது வெளியே போய்விட்டது. இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து, சாலையைக் கடந்து, உப்பளத்தின் மேல் சற்று வட்டமடித்து, மாடத்தியின் பாத்தியில் போய் இறங்கிப் பரவியது.

கொடியில் இருந்த படத்தில் நிறம் என்று ஒரு சொட்டும் இல்லை. கறுப்பு கறுப்பாக இருந்தது. நெற்றிச் சுருக்கத்தின் நிழல் சாம்பலாக, சுத்தமான சாம்பலாக இருந்தது. எமல்டா அதை ஜன்னலில் பார்த்தாள், வாசலில் பார்த்தாள், கிணற்றடி நிழலில் பார்த்தாள். டியூப் லைட்டுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. அந்த வெளிச்சம் ஏழு மாதமாக அவளைக் காட்டிக்கொடுத்த வெளிச்சம்; அது ஏதாவது பச்சையைத் தோண்டி எடுத்துவிடும் என்ற பயத்தில், வெயில் இருக்கும்போதே படத்தைக் கவருக்குள் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். பதினாலு பேருக்கும் போட்டுவிட்டு எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்கலாம் என்று முடிவுசெய்து, அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அதன்பின் பிரிண்டர் அவள் சொன்னதைக் கேட்டது. நாளுக்கு ஒன்றாக முகங்கள் கொடிக்கு வந்தன, காய்ந்தன, நிறத்தைக் கழற்றி அனுப்பின. சுடலைவடிவின் படத்திலிருந்து கிளம்பியது இளம்பச்சை. அவள் பேச்சைப்போலவே நேராகப் போகாமல் எடைமேடை, டீக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் அவள் பாத்தியில் இறங்கியது. ஸ்தனிஸ்லாளின் படத்திலிருந்து எலுமிச்சை மஞ்சள். இன்னொருத்தியிடமிருந்து புறாக்கழுத்து நீலம். இரண்டு வாரத்தில் பதினாலு பாத்திகளும் பதினாலு நிறத்தில் கிடந்தன, வாரிக் குவித்த அம்பாரங்களும் அதே நிறத்தில் நின்றன, மேலேயிருந்து பார்த்தால் யாரோ சேலைகளை வெயிலில் காயப்போட்ட மாதிரி இருந்தது.

பெண்கள் முதல் நாள் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். உப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் கையில் தேய்த்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. மூன்றாம் நாள் சுடலைவடிவு பாத்தியில் நின்று நிமிர்ந்து, "ஏ, யாருக்காவது கண்ணு எரியுதா?" என்று கேட்டாள். எல்லாரும் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் எரியவில்லை. யாருக்கும் தண்ணீர் வடியவில்லை. பத்து மணி வெயில் உப்பின்மேல் விழுந்து, எகிறாமல், ரோசிலும் நீலத்திலும் அமுங்கிப்போய் அப்படியே கிடந்தது. கண்ணைச் சுருக்காமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடிந்ததில், ஒரே பாத்தி வரப்பில் பதினைந்து வருடம் நின்ற இரண்டு பேர், "ஒனக்கு மூக்குல மச்சம் உண்டாட்டி?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் எளிமையானது. பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரை மாற்றி, "கலர் அளம் எல்லாம் எறங்கு" என்று கூவத் தொடங்கினார். டீக்கடையில் நாளைக்கு எந்த நிறம் எந்தப் பக்கம் வரும் என்று பேசினார்கள். பக்கத்து அளத்துப் பெண்கள் வந்து, எங்களுக்கும் ஒரு நீலம் இருந்தால் கொடுங்களேன் என்று கேட்க, எமல்டா அவர்களையும் படமெடுக்க வரிசை எழுதவேண்டியதாயிற்று. அதில் இரண்டு பேர் ஊதா எனக்கு, உனக்கல்ல என்று சண்டை போட்டு, நிறம் அவரவர் முகத்திலிருந்துதான் வரும், கேட்டு வாங்குவதற்கு இது ஜவுளிக்கடை இல்லை என்று சமாதானம் செய்யப்பட்டார்கள். தேவாலயத்துப் பங்குச்சாமி ஆளனுப்பி, ஞாயிற்றுக்கிழமை சிறுபிள்ளைகளுக்கு முதல் நற்கருணை கொடுக்கும் புதுநன்மை, எல்லாம் வெள்ளைக் கவுன் போட்டு வரும், அன்றைக்கு மட்டும் பிரிண்ட் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பூநாரைகள் வழக்கத்தைவிடப் பத்து நாள் கூடுதலாகத் தங்கி, மாடத்தியின் பாத்தியருகே கூட்டமாக நின்று, தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ள முடியாமல் குழம்பின. மாசு பரிசோதிக்கிற ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி கண்ணாடிக் குப்பிகளோடு வந்தார்; குப்பிக்குள் எடுத்த தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது, அவர் குப்பியைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், 'நிறம்: இல்லை' என்று எழுதிவிட்டு, நிறத்துக்கு நடுவே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

உப்பு வாங்குகிற வெயிலுமுத்து அண்ணாச்சிதான் அதை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் வருடா வருடம் அந்த அளத்து உப்பை மொத்தமாக வாங்குகிறவர், நல்ல மனிதர், வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் தவிர வேறு உடுத்தாதவர். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்து காரைவிட்டு இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

"மாடத்தி, என்ன தாயி இது?"

"உப்புதான் அண்ணாச்சி."

"உப்புன்னா வெள்ளையால்லா இருக்கும்? ரோசுல ஒரு அம்பாரம், பச்சையில ஒரு அம்பாரம் வச்சிருக்கிய. இத நான் என்னன்னு சொல்லி விக்க? பல்பொடின்னா, கோலப்பொடின்னா?"

"நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். "உப்புதான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா வாங்குதவன் நாக்க வச்சா வாங்குதான், கண்ண வச்சுல்லா வாங்குதான். நா ஒண்ணும் செய்ய முடியாது தாயி. வெள்ளிக்கிழம சாயங்காலம் லாரி கொண்டாரேன். வெள்ளையா இருந்தா ஏத்துவேன். இல்லன்னா இந்த வருசம் நான் வேற எடம் பாக்கணும்."

அவர் போனபின் பெண்கள் அம்பாரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த அளம் அவர்கள் கைக்கு வந்தபின் முதல் பருவம் அது. கங்காணியின் அதட்டல் இல்லாமல், தாங்களே வெட்டி, தாங்களே கட்டி, தாங்களே வாரின உப்பு. முற்றின உப்புத்தண்ணீரை மேலே ஊற்றிக் கழுவிப் பார்த்தார்கள், நிறம் போகவில்லை. மேலுப்பைத் தள்ளிவிட்டு அடியுப்பை எடுத்தார்கள், அதுவும் அதே நிறம். ஒருத்தி மெதுவாக, "கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள், ஏதோ இறந்துபோனதைப்போல.

எமல்டாவுக்கு அன்றைக்கும் அடுத்த நாளும் சோறு இறங்கவில்லை. எல்லாம் தன்னால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு படத்திலிருந்து ஓடிப்போன நிறத்தைத் திரும்ப வரவழைக்க வேண்டுமானால் அந்தப் படமே இல்லாமல் போகவேண்டும் என்று அவளுக்குப் பட்டது. வீடு இடிந்தால் கிளம்பிப் போனவன் பதறிக்கொண்டு ஓடிவரமாட்டானா என்கிற கணக்கு. வியாழக்கிழமை மாலை, பீரோவைத் திறந்து, கொடுக்க நாள் பார்த்து வைத்திருந்த பதினாலு கவர்களையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்து, தட்டுமேட்டின் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனாள். பெண்கள் கூலிக்கு ஆள் வைக்காமல் தாங்களே லாரிக்குக் கட்டும் சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, இதெல்லாத்தையும் கிழிச்சிரப் போறேன்" என்றாள். "கிழிச்சா நெறம் திரும்ப வந்துரும்னு நெனைக்கேன். நான் ஆசப்பட்டதுக்கு நீங்க ஏன் கெடந்து கஷ்டப்படணும்?"

அவள் முதல் கவரிலிருந்து படத்தை உருவினாள். அது மாடத்தியுடையது. இரண்டு கையாலும் மேல் ஓரத்தைப் பிடித்தபோது மாடத்தி எழுந்து வந்தாள்.

"பொறுட்டி. எனக்குன்னுதான போட்ட? கிழிக்க முன்னால ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

வாங்கி, கொட்டகை வாசலுக்குப் போய், சாய்ந்த வெயிலில் பிடித்தாள். வழக்கம்போல் கிட்டே கொண்டுபோகவில்லை, தூரப் பிடிக்கவில்லை, சாய்க்கவில்லை. பிடித்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். எமல்டாவுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

"எல்லாம் நின்ன எடத்துல நிக்கி" என்றாள் மாடத்தி கடைசியில். "கண்ணு கண்ணு இருக்க எடத்துல இருக்கு. ஏட்டி, எம் புருவத்துல நர இருக்கு, எவளாவது சொன்னியளாட்டி?"

சுடலைவடிவு தன் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"இம்புட்டு நாளும் நான் ஒரு கோவக்காரின்னுல்லா நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். எல்லாரும் அப்படித்தான சொல்லுதிய. இவளப் பாத்தா அப்படித் தெரியலியே. இவ ஏதோ சிரிப்ப அடக்கிட்டு நிக்க மாதிரில்லா இருக்கு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு படத்தை மார்புக்குள் செருகுவதுபோல் அணைத்து, தலைவிக் குரலில் சொன்னாள்: "இத யாரும் கிழிக்கக்கூடாது. நெறத்த வேற எப்படியாவது கூப்புடுவோம். அண்ணாச்சி வேற எடம் பாத்தா நாமளும் வேற அண்ணாச்சி பாப்போம்."

அதற்குப்பிறகு எல்லாரும் தத்தம் படத்தைக் கேட்டார்கள். எமல்டா ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தன் படத்தில் தோடு தெரிகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத எரிச்சலில், சுடலைவடிவு, "எழவு, ஒண்ணும் வெளங்கல" என்று சொல்லிக்கொண்டே கை நீட்டிக் கொட்டகையின் டியூப் லைட்டைப் போட்டாள்.

"ஐயோ, வேண்டாம்!" என்று எமல்டா கத்தியதும், லைட் இரண்டு தரம் துடித்து எரிந்ததும் ஒன்றாக நடந்தது.

வெளியே அளத்தில் பதினாலு நிறமும் தலை தூக்கின. பொழுது சாய அடைய வருகிற கோழிகளைப்போல, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, பாத்தியைவிட்டு, அம்பாரத்தைவிட்டு, வரப்பின்மேல் தத்தி, கொட்டகை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வந்தன. ரோசு மாடத்தியின் கையிலிருந்த தாளைத் தேடி ஏறியது. மஞ்சள் ஸ்தனிஸ்லாளிடம் போனது. இளம்பச்சை மட்டும் பஸ் நிறுத்தம் சுற்றிக் கொஞ்சம் தாமதமாக வந்தது. கொட்டகைக்கு வெளியே, அந்திக் கருக்கலில், உப்பு பல் விளக்கினதுபோல் வெள்ளையாக நின்றது.

எமல்டா ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதமாக அவள் சபித்துக்கொண்டிருந்த வெளிச்சம் தலைக்குமேல் சிணுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு நிறுத்த முடியாமல், சாக்கோடு சேர்ந்து குலுங்க.

"இவளுக்கு என்னட்டி ஆச்சு?" என்றாள் சுடலைவடிவு.

மறுநாள் விடிந்து முதல் வெயில் பட்டதும், கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த படங்களிலிருந்து நிறங்கள் இறங்கித் தங்கள் தங்கள் பாத்திக்கு மேயப் போயின. படங்கள் சுத்தமான சாம்பலில் நின்றன. பெண்கள் கண் எரியாமல் வாரினார்கள். சாயங்காலம் லைட்டைப் போட்டார்கள், நிறங்கள் வீடு திரும்பின, வெயிலுமுத்து அண்ணாச்சி லாரியோடு வந்தார். உப்பை அள்ளிப் பார்த்தார், தன் சட்டைக் கையோடு ஒட்டவைத்துப் பார்த்தார், சட்டை சற்று மங்கல் என்று அவருக்கே தோன்றியது. எப்படி என்று கேட்டார். மாடத்தி ஒளிக்காமல் சொன்னாள்.

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப லாரிய ஆறரைக்கு மேல அனுப்பினா போதும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையில ஒரு பத்து மணிபோல வந்தா, அந்தப் பச்சைப் பக்கமா ஒரு நாற்காலி போட்டு உக்காரலாமா தாயி? எனக்கும் கண்ணுல தண்ணி நிக்கமாட்டேங்கு" என்றார். அதிலிருந்து அந்த நாற்காலி அங்கேயே கிடந்தது.

எல்லாம் இப்படி ஒழுங்குக்கு வந்தபிறகு, ஒரு புதன்கிழமை, மாடத்தி கொட்டகைச் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லார் மூஞ்சியும் இருக்கு, ஒம் மூஞ்சிய எங்க?" என்று எமல்டாவைக் கேட்டாள்.

"படம் எடுக்கவ எப்படிக்கா படத்துல இருப்பா?"

"கேமராவ இங்க கொண்டா."

மாடத்திக்குப் பொத்தான் எங்கே என்று தொட்டுக் காட்டவேண்டியிருந்தது. அவள் இருபத்துநாலு தடவை அமுக்கினாள். பன்னிரண்டில் வானம் இருந்தது, எட்டில் எமல்டாவின் கழுத்துக்குக் கீழே இருந்தது, மூன்றில் அண்ணாச்சியின் நாற்காலி இருந்தது, ஒன்றே ஒன்றில் எமல்டா இருந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், கண்ணை நேராக வைத்துக்கொண்டு. பதினாலு பேரும் வீட்டுக்கு வந்து பிரிண்டரைச் சுற்றி நின்றார்கள். அது முனகி முனகித் தாளைத் தள்ளியது. கொடியில் மாட்டினார்கள். நாவற்பழ நிறம் ஒன்று மெல்ல ஒதுங்கி, எழுந்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் வழியே கிளம்பியது.

"இவளுக்குத்தான் பாத்தி கெடையாதே, எங்க போயி எறங்கும்?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். அது உப்பளத்தைக் கடந்தது. எடைமேடையைக் கடந்தது. சுடலைவடிவு ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, அதில் எட்டுப் பேரும், எமல்டாவின் ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஏறித் துரத்தினார்கள், மற்றவர்கள் வருகிற பஸ்ஸில் தொற்றினார்கள். பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு புறப்பட நின்ற ஒரு தோணியின் வெள்ளைப் பாயில் அது போய் உட்கார்ந்திருந்தது. பாய் முழுக்க நாவற்பழ நிறம்.

"இது ஒங்க வீட்டுதா?" என்று தோணியை ஓட்டுகிற தண்டல் மேலேயிருந்து கேட்டார்.

"எங்களதுதான்" என்றாள் எமல்டா.

"எறங்கச் சொல்லுதீயளா? காத்து நல்லா இருக்கு, நாங்க புறப்படணும்."

எமல்டா வாயெடுத்தாள். அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தோணி அசைந்தது, கயிறு அவிழ்ந்தது, நாவற்பழப் பாய் காற்றை வாங்கிப் புடைத்தது, கலங்கரை விளக்கம் தாண்டிப் போயிற்று.

அன்று மாலை கொட்டகையில் லைட்டைப் போட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். பதினாலு நிறமும் வந்து சேர்ந்தன. எமல்டாவின் படத்துக்கு ஒன்றும் வரவில்லை. டியூப் லைட்டுக்கு நேர்கீழே பிடித்தாலும், எந்த வெளிச்சத்திலும் எந்தப் பக்கம் சாய்த்தாலும், அது கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக மட்டுமே நின்றது. பகலிலும் சரி, இரவிலும் சரி, அவள் கேட்டதுபோலவே வந்த ஒரே படம் அதுதான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது; கூடவே, வீட்டில் ஒரு ஆளைக் காணோம் என்பதுபோலவும் இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தோணி திரும்பியபோது பாய் வெள்ளையாக இருந்தது. தண்டல் ஆட்டோ பிடித்து எடைமேடைக்கே வந்து சொன்னார்: மாலத்தீவில் கரை சேர்ந்த அன்றைக்குக் காலையிலேயே அது இறங்கிவிட்டது, மீன் மார்க்கெட்டில் கொஞ்சநேரம் நின்றது, அப்புறம் கடலைப் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டது, பிள்ளைகள் எல்லாம் அதன்மேல் சாய்ந்துகொண்டு சாப்பிடுகின்றன. "நானும் கூப்புட்டுப் பாத்தேன்மா. டார்ச் அடிச்சும் பாத்தேன். வரல. நல்லா இருக்கு, ஒண்ணும் கொற இல்ல."

எமல்டா அன்றைக்கு வந்த லாரிகளின் எடையையெல்லாம் எழுதி முடித்தாள். வீட்டுக்கு வரவில்லை. கூண்டில் இருந்தபடியே, மாலத்தீவு போக எங்கே, எப்படி, என்னென்ன தாள்கள் என்று லாரிக்காரர்களிடம் விசாரித்து, அடுத்த திங்கட்கிழமை பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாள்.

பத்து நாளில் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்றார். மாடத்தியும் சுடலைவடிவும் கைகழுவிவிட்டு வந்து நின்றார்கள். இவரை எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டதற்கு மாடத்தி, "தெரியும்னா பல வருசம், பாத்தது இப்பத்தான்" என்றாள். அவர் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பல வருடம் என்று எழுதிக்கொண்டார். பிறகு எமல்டாவிடம் திரும்பினார்.

"இதுக்கு முன்னால வெளிநாடு போயிருக்கீங்களாம்மா?"

"இல்ல சார்."

"அங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்கு சார். போயி மாசம் ஒண்ணுக்கு மேல ஆகுது. நல்லா இருக்குன்னு சொன்னாங்க. இருந்தாலும் நேர்ல ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோமேன்னு."

போலீஸ்காரர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஜன்னல் வழியே உப்பளத்தில் மேய்ந்துகொண்டிருந்த நிறங்களைப் பார்த்தார், தலையாட்டிக்கொண்டு, பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சொந்தத்தைப் பார்க்க' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.